ரூர் நிலக்கரிச் சுரங்கமும் எங்கள் பெரியப்பாவும்

பெரியப்பா எங்களைப் பிரிந்து ஒரு வருடமாகிறது. அவருடைய ஆண்டுத் திவசத்துக்கு லண்டன் நோர்பரி வீட்டுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் இந்தச் சிறு மலரை வணக்கத்துடன் கையளிக்கிறோம். தேவாரங்களும் படங்களும் முன்பக்கங்களில் இருக்கின்றன. அவருடைய வாழ்க்கையை எழுதும் பொறுப்பைப் பெரியம்மா என்னிடம் தந்தார். "நீ எழுது பிள்ளை. உனக்குத்தான் அவர் எல்லாம் சொன்னவர்" என்றார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் பெரியப்பாவின் ஒரே தம்பியின் மகள், அவருக்குப் பெறாமகள். நான் முதலாம் வகுப்பில் இருந்தபோது என் அப்பா இறந்தார். அதன்பின் எனக்குத் தகப்பனாக இருந்தவர் பெரியப்பாதான்.

நிறைவாக வாழ்ந்து இறைவனடி சேர்ந்தார் என்று எழுத எனக்கு விருப்பம். ஆனால் அவரை நெருங்கி அறிந்த நீங்கள் அதை நம்பமாட்டீர்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பெரியப்பா யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் ஒரு பஸ் கொண்டக்டரின் மூத்த மகனாகப் பிறந்தார். அவருக்குப் பின் ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர் என் அப்பா. அப்பா தவழும் வயதிலேயே அவர்களுடைய தாயார் காய்ச்சலில் இறந்துவிட்டார். தகப்பனார் விடிய முன் பஸ்ஸுக்குப் போய்விடுவார். தம்பியைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடம் போகும்போது அயல்வீட்டில் விட்டு, திரும்பி வரும்போது தூக்கிக்கொண்டு வந்தவர் பெரியப்பா. பள்ளிப் படிப்பு முடிந்ததும் காங்கேசன்துறைப் பக்கம் சுண்ணக்கல் அகழும் குழியில் வேலைக்குச் சேர்ந்தார். கல்லில் துளைபோட்டு வெடி வைக்கும் குழுவில் அவர் இருந்தார். கைதேர்ந்த வேலைக்காரன் என்று பெயரெடுத்தார்.

நாட்டு நிலைமை கெட்டபோது அந்தத் திறமையே அவருக்கு ஆபத்தாயிற்று. வெடி வைக்கத் தெரிந்த தமிழ் இளைஞனை இராணுவம் எப்படிப் பார்த்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அவரோடு வேலை செய்த இருவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. அந்த மாதமே தகப்பனார் பெரியப்பாவை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார். மொஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் மேற்கு பெர்லினுக்குப் போனார். அந்த வழியால் வந்தவர்கள் உங்களில் பலர்.

அவரை மேற்கு ஜேர்மனியின் ரூர் பகுதியில் ஒரு நிலக்கரி ஊரிலிருந்த அகதி விடுதிக்கு அனுப்பினார்கள். முதல் சில வருடங்கள் வேலை செய்ய அனுமதி இல்லை. விடுதியின் ஜன்னலால் பார்த்தால் தூரத்தில் ஓர் உயர்ந்த இரும்புக் கோபுரமும் அதன் உச்சியில் சுழலும் இரண்டு சக்கரங்களும் தெரியும். ஏதோ ஆலை என்றுதான் நினைத்திருந்தாராம். அந்தச் சக்கரங்கள்தான் ஆட்களை ஒரு கிலோமீற்றர் ஆழத்துக்கு இறக்கி ஏற்றுகின்றன என்று பிறகுதான் தெரிந்தது. வேலை அனுமதி கிடைத்ததும், அந்தச் சுரங்கத்துக்காகக் ஒப்பந்தத்துக்கு எடுத்துக் கல்லைக் குடைந்து பாதை போடும் ஒரு கொந்தராத்து நிறுவனத்துக்குப் போய், தனக்குத் துளைபோடவும் வெடி வைக்கவும் தெரியும் என்று கைகளால் செய்து காட்டினார். எடுத்துவிட்டார்கள். அங்கே அவரோடு ஒரே குழுவில் இருந்தவர் யூசுப் மாமா. துருக்கிக்காரர். பெரியப்பா ஜேர்மன் மொழி படித்தது அவரிடம்தான். அதனால் கடைசிவரை அவருடைய ஜேர்மன் துருக்கி வாசனையோடுதான் இருந்தது.

அந்தப் பகுதித் தொழிலாளர் சுரங்கத்தைத் தங்கள் பேச்சில் 'பியூட்' என்பார்கள். பிறகு ஊரிலிருந்து வந்து சேர்ந்த பெரியம்மாவின் காதில் அது 'புட்டு' என்றே விழுந்தது. "இண்டைக்கும் புட்டோ?" என்று காலையில் கேட்பாராம். "ஓம், கறுத்தப் புட்டு" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா போவாராம். அவர்கள் சிரித்துக் கழித்த சில வருடங்கள் அவை. அதையும் எழுதவேண்டும்.

அந்தச் சுரங்கத்தைப் பற்றி அவர் சொன்னவற்றைக் கொஞ்சம் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. சண்டிலிப்பாயைப் பற்றிப் பேசியதைவிட அதைப் பற்றியே அவர் அதிகம் பேசினார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாடுகள் மேய்ந்த ஈரநிலத்தில் பணக்காரர் சிலர் சேர்ந்து முதற் குழியைத் தோண்டத் தொடங்கினார்களாம். பெரியப்பா அதைக் 'கிணறு' என்றுதான் சொல்வார். பாதியில் ஊற்று உடைத்துத் தண்ணீர் ஏறியது. வருடக்கணக்காக இறைத்த பிறகே கரி கண்ணில் பட்டது. உள்ளூர் ஆட்கள் போதாமல் கிழக்கிலிருந்து போலந்துக்காரரைக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்குச் செங்கல் வீடுகளை வரிசையாகக் கட்டி, வீட்டுக்குப் பின்னால் ஓர் ஆடு கட்டக் கொட்டிலும் போட்டுக் கொடுத்தார்கள். நான் பிறந்தது அப்படியான ஒரு வீட்டில்தான். அந்தக் கொட்டிலில் அப்பா சைக்கிள் வைத்திருந்தார்.

முதலாம் உலகப் போருக்குச் சில வருடங்கள் முன்பு கீழே வாயு வெடித்தது. தீயை அணைக்க முடியவில்லை. உள்ளே உயிரோடு ஆட்கள் இருக்கக்கூடும் என்று பெண்கள் வாசலில் நின்று குளற, அதிகாரிகள் கிணற்றின் வாயை அடைத்துத் தண்ணீரை விட்டார்கள். மாதங்கள் கழிந்து தண்ணீரை இறைத்தபோது சடலங்கள் மேலே வந்தன. ஊர் மயானத்தில் அவர்களுக்குப் பெயர்கள் பொறித்த பெரிய கல் இருக்கிறது. ஹிட்லரின் காலத்தில் உக்ரேனிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் பிடித்துக்கொண்டுவந்தவர்களைக் கீழே இறக்கி வேலை வாங்கினார்கள். பசியாலும் அடியாலும் செத்தவர்களை அதே மயானத்தின் பின்மூலையில் தாட்டார்கள். அங்கே பெயர்களும் இல்லை. போர் முடிந்து நாடே குளிரில் விறைத்தபோது சுரங்கத்தில் இறங்குபவனுக்குக் கூடுதல் பாணும் கொழுப்பும் கொடுத்தார்கள். பிறகு துருக்கியில் ஆள் எடுத்தார்கள். யூசுப் மாமாவின் தகப்பனாரை வாயைத் திறக்கச் சொல்லி, பல்லைப் பார்த்துத்தான் ரயிலில் ஏற்றினார்களாம்.

"ஒவ்வொரு காலத்திலையும் ஆர் போக்கிடமில்லாமல் நிண்டவனோ அவனைத்தான் அந்தக் கிணறு எடுத்தது" என்று பெரியப்பா சொல்வார். "கடைசியா எங்களை எடுத்தது."

என் அப்பா சில வருடங்கள் கழித்துத்தான் வந்தார். அம்மாவும் வந்து, நானும் பிறந்தேன். அப்பா பக்கத்து நகரத்தில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அப்போது ஊரில் போர் கடுமையாக இருந்தது. ஹெலியிலிருந்து சுடுகிறார்கள், பொம்மர் வந்து குண்டு போடுகிறது, சனம் வீட்டுக்கு வீடு பங்கர் வெட்டி அதற்குள் கிடக்கிறது என்று தொலைபேசியில் செய்தி வரும். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் பெரியப்பா அப்பாவிடம் சொன்னாராம்:

"உந்தக் கோப்பை கழுவுற வேலையை விட்டிட்டு என்னோடை கீழை வா. நிரந்தரமான வேலை. ஒரு கிலோமீற்றர் கீழை ஹெலியுமில்லை, பொம்மருமில்லை. உலகத்திலை இதைவிட நல்ல பங்கர் இல்லை."

அப்பா சிரித்தார். அம்மா சோறு போட்டுக்கொண்டு நின்றவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் அப்பா கீழே இறங்கினார்.

அவர்கள் இருவரும் ஒரே ஷிப்டில் போவார்கள். அங்கே உடைமாற்றும் மண்டபத்தில் அலுமாரிகள் இல்லை. ஒவ்வொருவருக்கும் கூரையிலிருந்து தொங்கும் ஒரு சங்கிலியும் கொளுக்கிகளும் இருந்தன. வீட்டிலிருந்து போட்டு வந்த உடுப்பையும் சப்பாத்தையும் அதில் மாட்டி, சங்கிலியை இழுத்து மேலே ஏற்றிப் பூட்டிவிட்டுக் கீழே போவார்கள். நிமிர்ந்து பார்த்தால் நூற்றுக்கணக்கான ஆட்கள் தலையில்லாமல் தொங்குவதுபோல் இருக்கும் என்று அப்பா அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். கீழே சித்திரை மாத யாழ்ப்பாணம்போல் வெக்கை. அண்ணனும் தம்பியும் உச்சி வெயிலில் நிற்பதுபோல் வியர்த்துக்கொண்டு, இருட்டில், தமிழில் பேசிக்கொண்டு வேலை செய்தார்கள். "ரெண்டு தமிழரும் நிறுத்தாமல் கதைப்பார்கள். கல்லுக்கே தமிழ் விளங்கியிருக்கும்" என்று யூசுப் மாமா பிறகு என்னிடம் சொன்னார்.

அதற்குள் கடல் கடந்து வந்த கரி மலிவாகிவிட்டது. ஒவ்வொரு சுரங்கமாக மூடினார்கள். எங்கள் ஊர்ச் சுரங்கத்தை மூடமாட்டோம் என்றார்கள். பிறகு இப்போதைக்கு மூடமாட்டோம் என்றார்கள். பிறகு நாள் குறித்தார்கள். ஊர் முழுவதும் வீதியில் இறங்கிக் கைகோத்து நின்றது. தேவாலய மணி அடித்தது. பள்ளிவாசல்காரர் தேநீர் கொடுத்தார்கள். பெரியப்பா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு அந்த வரிசையில் நின்றதற்கு முன்பக்கத்தில் படம் இருக்கிறது. அவர் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் எங்களிடம் அது ஒன்றுதான்.

ஒன்றும் மாறவில்லை. சுரங்கத்தின் சொந்தத் தொழிலாளரில் இளையவர்களை வேறு சுரங்கங்களுக்கு அனுப்பினார்கள், மூத்தவர்களுக்கு ஓய்வூதியம் கொடுத்தார்கள். கொந்தராத்துக்காரருக்கு இருந்தது ஒரு வேலைதான். மூடப்படும் சுரங்கத்துக்குள் இருக்கும் இரும்பைக் கழற்றி வெளியே எடுப்பது. பாதைகளின் கூரையைத் தாங்கி நிற்கும் இரும்பு வளைவுகளை ஒவ்வொன்றாக விஞ்ச் என்னும் இழுவை இயந்திரத்தால் இழுத்து எடுப்பார்கள். எடுத்தபின் கூரை விழும். விழ விட்டுவிட்டு அடுத்த வளைவுக்குப் பின்வாங்குவார்கள். தாங்கள் குடைந்து போட்ட பாதையைத் தாங்களே விழுத்திக்கொண்டு வந்தார்கள்.

அந்த மாரிகாலத்தில் ஒருநாள் அப்பா ஒரு வளைவில் விஞ்சின் சங்கிலியைக் கொளுவினார். பெரியப்பா விஞ்சை இயக்கினார். கூரை, விழவேண்டிய நேரத்துக்கு முன்பே விழுந்தது.

தலைக்கு மேல் இருக்கும் பாறையைச் சுரங்கத் தொழிலாளர் 'மலை' என்பார்கள். விசாரணை நடந்தது. யாருடைய பிழையும் இல்லை, மலை அசைந்தது என்று முடித்தார்கள். அது உண்மைதான் என்று யூசுப் மாமாவும் சொன்னார்.

அன்று பள்ளிக்கூடம் விட்டு எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டார்கள். காலை ஷிப்ட் வரும் வாரங்களில் அப்பாதான் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவார். ரீச்சர் எனக்குக் கரும்பலகையைத் துடைக்கத் தந்தார். துடைத்து முடித்தேன். மறுபடியும் துடைக்கச் சொன்னார். கடைசியில் பெரியம்மா வந்தார். வெளியே பனி. அவர் வீட்டுச் செருப்போடு வந்திருந்தார்.

மறுநாள் பெரியப்பாவும் யூசுப் மாமாவும் அந்த மண்டபத்துக்குப் போனார்கள். அப்பாவின் உடுப்பு இன்னும் மேலேதான் இருந்தது. பெரியப்பா பூட்டைத் திறந்து சங்கிலியை இறக்கினார். காற்சட்டை, சேட், நான் கிறுக்கிய ஒரு படம் மடித்து வைத்திருந்த ஜாக்கெட், சப்பாத்து. சுற்றி நின்றவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பெரியப்பா அவற்றைக் கையில் ஏந்திக்கொண்டு, பையில் போட மறுத்து, பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார்.

தகனத்துக்கு முன், எல்லோரும் நிற்க, அம்மா பெரியப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "நீங்கள்தானே கூட்டிக்கொண்டு போனீங்கள்."

அவ்வளவுதான். குரல்கூட உயரவில்லை. அதன் பிறகு அம்மா அவரோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. கணவரின் தமையனோடு பெண்கள் அதிகம் பேசாமல் ஒதுங்கி நிற்பது எங்கள் வழக்கம்தானே. கலியாண வீடுகளில் பார்த்தவர்கள் அதை மரியாதை என்றே நினைத்தார்கள்.

பெரியப்பா மூன்றாம் நாள் மறுபடியும் வேலைக்குப் போனார். பெரியம்மா மறித்தார். "தம்பி நிண்ட இடத்தைத் தண்ணிக்கு விடுமட்டும் நான் அங்கை நிக்கவேணும்" என்றார். கடைசியாக மேலே வந்தவர்களில் அவரும் ஒருவர். பிறகு கீழே ஊறும் தண்ணீரை இறைத்த பம்புகளை நிறுத்தினார்கள். கிணற்றைக் கல்லும் கொங்கிறீற்றும் போட்டு நிரப்பினார்கள். சக்கரக் கோபுரத்தை வெடி வைத்து விழுத்திய நாளில் ஊர்ச்சனம் பிள்ளைகளோடு வேடிக்கை பார்க்க வந்தது. ஒருவர் வண்டி போட்டு இறைச்சி வாட்டி விற்றார். பெரியப்பாவும் போனார். வெடிச்சத்தம் கேட்டதும் திரும்பி வீட்டை நோக்கி நடந்தார். விழுந்ததை அவர் பார்க்கவில்லை.

அந்த ஊரில் இனி இருக்க முடியாது என்று எல்லோரும் லண்டனுக்கு வந்தோம். அம்மாவின் உறவினர் இருந்ததால் அம்மாவும் நானும் பிளேஸ்டோவில் வீடெடுத்தோம். பெரியப்பாவும் பெரியம்மாவும் நோர்பரியில். அவர் ஒரு பெற்றோல் ஷெட்டில் வேலை செய்தார். பிறகு 'காஷ் அன்ட் கரி' மொத்த விற்பனைக் கடையில் பெட்டி ஏற்றினார். என் படிப்புக்கும் அம்மாவின் வாடகைக்கும் அவர் உதவியது உங்களுக்குத் தெரியும். விண்ணப்பப் பேப்பர் வேலைக்கு உதவி கேட்டு வந்த எத்தனையோ பேரோடு கவுன்சில் வாசலில் போய் நின்றார். எவரையும் கடிந்து பேசியதில்லை. விம்பிள்டன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமைகளில் போவார், ஆனால் உள்ளே முன்னுக்குப் போய்க் கும்பிட மாட்டார். கதவோரம் நின்றுவிட்டு வருவார். கேட்டால், "எனக்கு இதிலை காணும்" என்பார்.

பாதாள ரயிலில் அவர் ஒருநாளும் ஏறவில்லை. நோர்பரியிலிருந்து பிளேஸ்டோவுக்கு நகரத்தைக் குறுக்கறுத்து பஸ்ஸுக்கு மேல் பஸ் மாறி வருவார். அப்படி வராத சனிக்கிழமை இல்லை. மரக்கறியும் எனக்கு ஏதாவது தின்பண்டமும் கொண்டுவருவார். முன்னறையில் இருப்பார். அம்மா குசினியில் நிற்பார். நடுவில் கதவு திறந்தே இருக்கும்.

"உன்ரை பெரியப்பாவுக்குச் சீனி குறைச்சுப் போட்டிருக்கு எண்டு சொல்லு" என்பார் அம்மா.

அது அவருக்கே கேட்கும். இருந்தாலும் நான் போய்ச் சொல்வேன்.

"நல்லாயிருக்கு எண்டு அம்மாட்டைச் சொல்லு" என்பார் அவர்.

நான் வளர்ந்தபின் அம்மாவிடம் கேட்டேன். "ஏனம்மா அவரோடை கதைக்கிறேல்லை?"

"என்னத்தைக் கதைக்க" என்றார் அம்மா.

நானே பெரியப்பாவிடம் ஒருநாள் சொன்னேன், நீங்கள் ஒரு பிழையும் செய்யவில்லை, நான் உங்களை ஒருநாளும் குறையாக நினைத்ததில்லை என்று. அவர் என் தலையைத் தடவினார். "நீ அப்ப சின்னப்பிள்ளை" என்றார். என் வார்த்தை அவருக்கு உதவவில்லை என்பது எனக்கு விளங்கியது. அவருக்கு வேண்டியிருந்த வார்த்தை என்னிடம் இருக்கவில்லை.

பிறகு இருமல் வந்தது. படியேற முடியவில்லை. படமெடுத்துப் பார்த்த டொக்டர், கல் உடைக்கும் வேலை செய்தீர்களா என்று கேட்டார். அந்தக் கற்தூசி நுரையீரலில் இத்தனை வருடமாக இருந்திருக்கிறது, அதை எடுக்க வழியில்லை, மூச்சு இனிக் குறைந்துகொண்டே போகும் என்று சொன்னார். வெளியே வந்ததும் பெரியப்பா, "ஏலுமெண்டால் ஒருக்கா அங்கை போட்டு வருவம்" என்றார்.

கடலுக்கடியால் போகும் ரயிலில் ஏறமாட்டார் என்பதால் டோவரிலிருந்து கப்பலில் போனோம். யூசுப் மாமா கிழவராகிப் பொல்லோடு எங்களுக்காகக் காத்து நின்றார். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சுரங்கம் இருந்த இடத்தில் பொதிகள் அடுக்கும் பெரிய கிட்டங்கி இருந்தது. கிணறு இருந்த இடத்தில் ஒரு கொங்கிறீற் மூடி, சுற்றிக் கம்பி வேலி, கீழேயிருந்து வாயு வெளியேற ஒரு மெல்லிய குழாய். உடைமாற்றும் மண்டபத்தை இப்போது விழாக்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். நாங்கள் போனபோது யாருடையதோ கலியாணத்துக்கு அலங்கரித்துக்கொண்டிருந்தார்கள். சங்கிலிகள் தொங்கிய கூரையிலிருந்து பலூன்கள் தொங்கின. பெரியப்பா அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். மேசை விரித்துக்கொண்டிருந்த ஒரு பெண், யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று ஜேர்மன் மொழியில் அன்பாகத்தான் கேட்டாள்.

"ஒருவரையும் இல்லை" என்றார் பெரியப்பா.

வெளியே வந்து கம்பி வேலியடியில் நின்றபோது, தண்ணீர் இப்போது எவ்வளவுக்கு ஏறியிருக்கிறது என்று கேட்டார். அந்தக் காலத்தில் நாங்கள் வேலை செய்த தளத்துக்கு மேலே போய் வருடங்களாகிவிட்டன என்றார் யூசுப் மாமா. ஆனால் முழுவதும் ஏற விடமாட்டார்களாம். கரியை எடுக்க எடுக்க அந்த நிலம் முழுவதும் கீழே இறங்கிவிட்டது. ஊரே இப்போது ஆற்றைவிடத் தாழ்வாக இருக்கிறது. மேலேயும், வேறு கிணறுகள் வழியாகக் கீழேயும் பம்புகள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அங்கே மனிதர் வாழும் காலம்வரைக்கும். நிறுத்தினால் ஊர் தண்ணீருக்குள் தாண்டுபோய்விடும்.

"அப்ப இது ஒருநாளும் முடியாது" என்று பெரியப்பா எனக்குத் தமிழில் சொன்னார்.

திரும்பி வரும்போது கப்பலின் மேற்தட்டில், காற்றுக்குச் சால்வையால் வாயை மூடிக்கொண்டு இருந்தவர், நான் கேட்காமலே சொல்லத் தொடங்கினார். கல் விழுந்தபின் அப்பா கொஞ்சநேரம் உயிரோடு இருந்தார். கற்களுக்கு அந்தப்பக்கத்திலிருந்து பேசினார். மற்றவர்கள் தோண்டிக்கொண்டிருக்கப் பெரியப்பா வாயை ஓர் இடுக்கில் வைத்து அவரோடு பேசினார்.

"என்ன சொன்னவர்?" என்று கேட்டேன்.

"பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரவேணும் அண்ணை, இண்டைக்கு என்ரை முறை எண்டவன். திரும்பத் திரும்ப அதுதான். நான் கூட்டிக்கொண்டு வாறன், நீ பேசாமல் இரு எண்டனான். பிறகு சத்தமில்லை."

கொஞ்சம் மூச்செடுத்துவிட்டு, "அம்மாவுக்குச் சொல்லாதை" என்றார். "அவ, உடனை உயிர் போட்டுது எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா. அப்பிடியே இருக்கட்டும்."

போன வருடம் மாரி தொடங்கும்போது அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். திரும்பி வரமாட்டார் என்று டொக்டர்கள் சொன்னார்கள். அம்மாவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பின்னேரம் அம்மாவே வந்தார். இடியப்பமும் சொதியும் கொண்டுவந்திருந்தார். பெரியப்பாவால் சாப்பிட முடியாது. முகத்தில் மூச்சுக்கருவி இருந்தது. அம்மாவைக் கண்டதும் அதைக் கழற்றப் பார்த்தார். நேர்ஸ் வந்து மறுபடியும் மாட்டிவிட்டார். அம்மா கட்டிலருகில் இருந்தார். கால்பக்கம் விலகியிருந்த போர்வையைச் சரிசெய்தார். பார்வையாளர் நேரம் முடியும்வரை இருந்தார். பிறகு எழும்பினார்.

பஸ்ஸில் வரும்போது அம்மா சொன்னார்: "கதைக்கத்தான் வந்தனான். வாய் வரேல்லை."

அடுத்த நாள் நான் போனபோது பெரியப்பா கருவியைச் சற்று விலக்கிக்கொண்டு, "அம்மா ஏதும் சொன்னவவோ?" என்று கேட்டார்.

"ஒண்டும் சொல்லேல்லை பெரியப்பா. வந்தவதானே" என்றேன்.

அவர் தலையசைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். அந்த வாரம் முடியமுன் போய்விட்டார். பெரியம்மாவும் நானும் பக்கத்தில் இருந்தோம். அமைதியாகப் போனார் என்று எழுத முடியாது. மூச்சுக்குப் போராடித்தான் போனார்.

அவர் நோயில் கிடந்தபோது பெரியம்மாவுக்குச் சமைத்துக் கொடுத்த நோர்பரி அயலவர்களுக்கும், தங்கள் ஷிப்டை மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியில் முறைவைத்து நின்ற ஊர்த் தம்பிமாருக்கும், சிகிச்சையளித்த டொக்டர்களுக்கும் நேர்ஸ்மாருக்கும், இறுதிக் கிரியைகளை நடத்தித் தந்த குருக்களுக்கும், தொலைவிலிருந்து வந்தும் தொலைபேசியிலும் ஆறுதல் சொன்ன அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நடக்க முடியாத முழங்காலோடு ஜேர்மனியிலிருந்து வந்து, பெட்டியின்மேல் கைவைத்து, கீழே இறங்கும்போது சுரங்கத் தொழிலாளர் ஒருவருக்கொருவர் சொல்லும் வாழ்த்தைச் சொன்ன யூசுப் மாமாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

இதை அச்சுக்குக் கொடுக்க முன் அம்மாவிடம் காட்டினேன். கப்பலில் பெரியப்பா சொன்னதை நான் அதுவரை அம்மாவுக்குச் சொல்லியிருக்கவில்லை. வேண்டாமென்றால் எடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அம்மா குசினி மேசையில் இருந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முழுவதையும் வாசித்தார். கடதாசிகளை அடுக்கி வைத்தார்.

"இது எனக்கு அப்பவே தெரியும்" என்றார். "செத்தவீட்டிலை யூசுப்பின்ரை மனிசி சொன்னவ. உள்ளுக்கை இருந்து பிள்ளையைப் பற்றித்தான் கதைச்சவர் எண்டு."

"பிறகேன் அம்மா இவ்வளவு காலமும் ஒண்டும் சொல்லேல்லை?"

"உன்ரை பெரியப்பா தன்ரை வாயாலை வந்து சொல்லுவார் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். ஒவ்வொரு சனியும் வருவார். மரக்கறியை வைச்சிட்டுப் போவார்."

இந்த வருடமெல்லாம் அம்மா அழுது நான் பார்க்கவில்லை. அப்போதும் அழவில்லை. கடதாசியை மறுபடியும் கையில் எடுத்துப் புரட்டினார்.

"நான் அவரை என்னெண்டு கூப்பிட்டனான் எண்டு நீ ஓரிடத்திலையும் எழுதேல்லை" என்றார். "முறைப்படி அத்தான் எண்டுதான் கூப்பிட்டனான். அதையும் போடு."

சேர்த்துவிட்டேன்.